பிட்சர் டிரேட் வதந்திகளைப் படித்தறிவது எப்படி? மேஜர் லீக் பேஸ்பாலின் குளிர்காலச் சந்தைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2024 மார்ச் 13 அன்று சிகாகோ வைட் சாக்ஸ் அணி தன் முதன்மை பிட்சரான (பந்து வீசுபவர்) டிலன் சீஸை டிரேட் முறையில், அதாவது வேறு வீரர்களை ஈடாகப் பெற்று, சான் டியேகோ பாட்ரஸ் அணிக்கு அனுப்பியது. முந்தைய ஆண்டு நவம்பரிலிருந்தே அவர் போகப்போகிறார் என்ற பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. நான்கு மாதங்களாக ஏதோ ஓர் அணியின் பெயரோடு அவர் பெயர் சேர்ந்தே வந்தது. பால்டிமோர் என்றார்கள், லாஸ் ஏஞ்சலஸ் என்றார்கள், நியூயார்க் என்றார்கள். அவர் போனது உண்மை, ஆனால் போகும் இடமாக அதிகம் சொல்லப்பட்ட ஊர்களில் எதற்கும் அவர் போகவில்லை.

ஆட்டங்கள் இல்லாத ஆஃப் சீசனில் ஒரு பிட்சரைப் பற்றி வரும் செய்திகளைப் பின்தொடர்பவர்கள் இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு வீரர் போவாரா என்பதைப் பெரும்பாலும் அவருடைய ஒப்பந்தமே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. எப்போது, எங்கே, என்ன விலைக்கு என்பதைச் சந்தை தீர்மானிக்கிறது. இவற்றுக்கு நடுவில் வரும் வதந்தி, ஏதோ ஒரு தரப்பு தன் நலனுக்காக வெளியே விடும் தகவல். ஆகவே ஒரு வதந்தி மெய்யா பொய்யா என்ற கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொண்டு, கீழே சொல்லும் வரிசையில் கணக்குப் பார்ப்பதே பயன் தரும்.

முதல் படி: ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டுகள் மீதம் என்று எண்ணுங்கள்

மேஜர் லீக்கில் ஒரு வீரர் பணிக்காலத்தில் 172 நாட்களைச் சேர்த்தால் அது ஓர் ஆண்டாகக் கணக்கிடப்படுகிறது. அப்படி ஆறு ஆண்டுகள் நிறைந்த பின்னரே, நீண்டகால ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடாதவர், ஃப்ரீ ஏஜென்ட் ஆகித் தாம் விரும்பிய அணியுடன் பேசலாம். முதல் மூன்று ஆண்டுகளில் அவருடைய சம்பளம் குறைந்தபட்ச அளவை ஒட்டியே இருக்கும். அதன் பிறகு ஆர்பிட்ரேஷன் என்னும் நடுவர் முறையின் கீழ் ஆண்டுதோறும் உயரும். இரண்டு ஆண்டுகளைத் தாண்டி மூன்றை எட்டாதவர்களில் பணிநாட்கள் அதிகமுள்ள 22 சதவீதத்தினர் மட்டும் ஓராண்டு முன்னதாகவே இந்த முறைக்குள் வந்துவிடுகிறார்கள்.

இந்த ஏற்பாட்டால், நன்றாக வீசும் ஓர் இளம் பிட்சர் ஆறாண்டுகளுக்குத் தம் சந்தை மதிப்பைவிட மிகக் குறைவான சம்பளத்துக்கு ஆடுகிறார். அந்த மதிப்புக்கும் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளியைத்தான் அணிகள் டிரேடில் வாங்குகின்றன. மீதமுள்ள ஆண்டுகள் குறையக் குறைய அந்த இடைவெளியும் சுருங்குவதால், விற்கும் அணிக்குக் கிடைக்கும் விலையும் குறைகிறது.

2023 குளிர்காலத்தில் சீஸுக்கு இரண்டு சீசன்கள் மீதமிருந்தன. 2024க்கான அவருடைய சம்பளம் 80 லட்சம் டாலர் என்று முடிவானது. அதே குளிர்காலத்தில் மில்வாக்கி புரூவர்ஸின் கார்பின் பர்ன்ஸுக்கு ஒரே ஒரு சீசன்தான் மீதம். மேஜர் லீக்கின் இரு லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகில், சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை 2021இல் வென்றவர் பர்ன்ஸ். அந்த நேரத்தில் இருவரில் மேலான பிட்சர் யார் என்று கேட்டால் பர்ன்ஸ் என்றே பலரும் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் 2024 பிப்ரவரி 1 அன்று பால்டிமோர் ஓரியோல்ஸ் அவருக்காகக் கொடுத்தது டி.எல். ஹால், ஜோயி ஓர்டிஸ் ஆகிய இரு வீரர்களையும் புதிய இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒரு தேர்வையும்தான். சீஸுக்கு ஈடாக வைட் சாக்ஸ் பெற்றது நான்கு வீரர்கள். எந்த வதந்தியில் எத்தனை பெயர்கள் சொல்லப்பட்டாலும், மீதமுள்ள ஆண்டுகளை எண்ணாமல் அது அதிகமா குறைவா என்று சொல்லவே முடியாது.

இரண்டாம் படி: விற்பவர் ஏன் விற்க வேண்டும் என்று கேளுங்கள்

வைட் சாக்ஸ் 2023இல் 61 ஆட்டங்களில் வென்று 101இல் தோற்றது. ஆகஸ்ட் 22 அன்று கென் வில்லியம்ஸ், ரிக் ஹான் ஆகிய இரு தலைமை நிர்வாகிகளும் நீக்கப்பட்டனர். மாத இறுதியில் கிறிஸ் கெட்ஸ் ஜெனரல் மேனேஜர் ஆனார். சீஸின் ஒப்பந்தம் முடிவதற்குள் அந்த அணி கோப்பைக்குப் போட்டியிடும் நிலைக்கு வராது என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கே தெரிந்தது. அடுத்த ஆண்டு அது 41 வெற்றி, 121 தோல்வி என்று முடித்து, நவீன கால மேஜர் லீக்கில் ஒரே சீசனில் மிக அதிகமாகத் தோற்ற அணியானது. இப்படிப்பட்ட அணியிடம் உள்ள நல்ல பிட்சர் பற்றிய வதந்திக்கு வலுவான அடித்தளம் இருக்கிறது.

வென்றுகொண்டிருக்கும் அணி தன் சிறந்த பிட்சரை விற்கப்போகிறது என்ற பேச்சுக்கு அத்தகைய அடித்தளம் இருப்பது அரிது. ஆனாலும் சிறு வருவாய் கொண்ட அணிகளை இந்த விதியில் சேர்க்கக் கூடாது. 2023இல் தன் பிரிவில் முதலிடம் பெற்ற அணிதான் மில்வாக்கி. டாம்பா பே ரேஸ் அணியும் அதே ஆண்டு 99 ஆட்டங்களில் வென்றது. ஆனால் தன் பிட்சர் டைலர் கிளாஸ்னோவின் 2024 சம்பளமான 2.5 கோடி டாலரைத் தாங்குவதைவிட, அவரையும் மானுவல் மார்கோவையும் டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு அனுப்பி, ரையன் பெப்பியோ, ஜானி டெலூகா என்ற இரண்டு குறைந்த சம்பள இளைஞர்களைப் பெறுவதே மேல் என்று அது முடிவு செய்தது.

மூன்றாம் படி: குளிர்கால நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

சீசனின் இறுதிப் போட்டியான வேர்ல்ட் சீரிஸ் முடிந்ததும் சந்தை திறக்கிறது. நவம்பரில் ஜெனரல் மேனேஜர்கள் கூடுகிறார்கள். அங்கே பெரும்பாலும் நாடி பிடித்துப் பார்ப்பதோடு சரி. டிசம்பர் தொடக்கத்தில் நடக்கும் வின்டர் மீட்டிங்ஸில் எல்லா அணிகளின் நிர்வாகிகளும் வீரர்களுக்காகப் பேசும் ஏஜென்ட்களும் செய்தியாளர்களும் ஒரே விடுதியில் தங்குகிறார்கள். வதந்திகள் அதிகம் பிறக்கும் நாட்கள் அவை. பெரிய பிட்சர் டிரேடுகள் சில அங்கேயே முடிந்தும் இருக்கின்றன. 2016 டிசம்பர் 6 அன்று வைட் சாக்ஸ் தன் இடக்கை பிட்சர் கிறிஸ் சேலை பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குக் கொடுத்ததும், 2024 டிசம்பர் 11 அன்று அதே வைட் சாக்ஸ் தன் மற்றோர் இடக்கை பிட்சரான கேரட் குரோஷேயை அதே பாஸ்டனுக்குக் கொடுத்ததும் வின்டர் மீட்டிங்ஸின்போதுதான்.

ஆனால் இந்த நாட்காட்டியை முன்னும் பின்னும் இழுப்பவர்கள் ஃப்ரீ ஏஜென்ட்கள். சீஸின் கதையே இதற்குச் சான்று. 2023 டிசம்பரில் பிட்சர் தேவைப்பட்ட பல அணிகளின் கண் ஜப்பானிலிருந்து வரவிருந்த யோஷினோபு யாமமோட்டோ மீது இருந்தது. பணம் மட்டும் கொடுத்தால் அவர் கிடைப்பார் என்ற நிலை இருக்கும்வரை, நான்கு இளம் வீரர்களை இழந்து சீஸை வாங்க எந்த அணியும் அவசரப்படவில்லை. டிசம்பர் பிற்பகுதியில் யாமமோட்டோ 12 ஆண்டுகள், 32.5 கோடி டாலர் என்று டாட்ஜர்ஸுடன் ஒப்புக்கொண்டார். அதற்குச் சில நாட்களுக்கு முன்பே கிளாஸ்னோவும் அங்கே போய்விட்டார். பிப்ரவரி 1 அன்று பர்ன்ஸை வாங்கியதால் பால்டிமோரின் தேவையும் குறைந்தது. இப்படி வாங்குபவர்களின் வரிசை மெலிந்துகொண்டே போனபோதும் வைட் சாக்ஸ் விலையை இறக்காமல் காத்திருந்தது.

அந்தக் காத்திருப்புக்கும் ஒரு நியாயம் இருந்தது. பிப்ரவரி நடுவில் பயிற்சி முகாம்கள் திறந்தவுடன் பிட்சர்களின் முழங்கைச் செய்திகள் வரத் தொடங்கும். 2024இல் பால்டிமோரின் கைல் பிராடிஷுக்கு முழங்கைத் தசைநாரில் காயம் என்று பிப்ரவரியிலேயே தெரிந்தது. மார்ச் இரண்டாம் வாரத்தில் நியூயார்க் யாங்கீஸின் ஜெரிட் கோலுக்கும் முழங்கைப் பிரச்சினை என்று செய்தி வந்தது. ஓர் அணியின் துயரம் வேறோர் அணியிடம் உள்ள பிட்சரின் விலையை ஒரே நாளில் ஏற்றிவிடுகிறது. ஜனவரியில் அடங்கிய பேச்சு மார்ச்சில் மீண்டும் எழுந்தால் அதைப் பழைய கதை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

பலரும் கவனிக்காத ஒரு விதியையும் இங்கே சொல்ல வேண்டும். டிராஃப்டில் புதிதாகத் தேர்வான ஒரு வீரரை, அந்த ஆண்டின் வேர்ல்ட் சீரிஸ் முடியும்வரை டிரேடில் கொடுக்க முடியாது. பாஸ்டன் 2024 ஜூலையில் டிராஃப்டின் 12ஆவது இடத்தில் பிரேடன் மான்ட்கோமரியைத் தேர்ந்தெடுத்தது. அதே ஜூலையில்தான் குரோஷே பற்றிய பேச்சு உச்சத்தில் இருந்தது, ஆனால் அப்போது மான்ட்கோமரியின் பெயரை மேசையில் வைக்கவே விதி இடம் தரவில்லை. டிசம்பரில் அந்தத் தடை இல்லை. குரோஷேக்கு ஈடாகப் போன நால்வரில் அவரும் ஒருவர். கோடையில் நடக்காதது குளிர்காலத்தில் ஏன் நடந்தது என்பதற்கு இதுவும் ஒரு விடை.

நான்காம் படி: வாங்குபவரின் கையிருப்பைப் பாருங்கள்

எல்லா வதந்தியிலும் ஓர் அணிக்கு ஆர்வம் இருப்பதாகச் சொல்கிறார்கள். நல்ல பிட்சர் மீது முப்பது அணிகளுக்கும் ஆர்வம் உண்டு, ஆகவே அந்தச் சொல்லால் நமக்குப் பயனில்லை. அந்த அணியிடம் கொடுக்க என்ன இருக்கிறது, சம்பளப் பட்டியலில் எவ்வளவு இடம் இருக்கிறது என்ற இரண்டைத்தான் பார்க்க வேண்டும்.

பாட்ரஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பரில் உரிமையாளர் பீட்டர் சைட்லர் காலமானார். முந்தைய ஆண்டுகளின் பெருஞ்செலவைக் குறைக்க அணி முடிவெடுத்திருந்தது. அதனால் டிசம்பரில் தன் பேட்டர் ஹுவான் சோட்டோவை யாங்கீஸுக்குக் கொடுத்து, மைக்கேல் கிங் உள்ளிட்ட பிட்சர்களையும் ட்ரூ தோர்ப் என்ற இளம் வலக்கை பிட்சரையும் பெற்றது. பணம் குறைவு, பிட்சர் தேவை, கையில் புதிதாக வந்த இளம் வீரர்கள் என்ற இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், 80 லட்சம் டாலர் மட்டுமே சம்பளம் வாங்கும் சீஸ் அந்த அணிக்கு எவ்வளவு பொருத்தமானவர் என்பது விளங்கும். மார்ச்சில் சீஸுக்காகப் போன நால்வர் தோர்ப், ஹைரோ இரியார்ட்டே, சாமுவேல் சவாலா, ஸ்டீவன் வில்சன் ஆகியோர். தோர்ப் ஒரே குளிர்காலத்தில் இரண்டு முறை கைமாறினார். வதந்திகளில் வெறும் எண்ணிக்கையாகக் குறிக்கப்படும் இந்த இளைஞர்களும் வீடு மாற்றி, புதிய பயிற்சியாளர்களிடம் முதலிலிருந்து தம்மை நிரூபிக்க வேண்டியவர்கள் என்பதை எழுதுபவர்களும் படிப்பவர்களும் மறந்துவிடுகிறோம்.

செல்வந்த அணிகளுக்கும் ஓர் எல்லை உண்டு. சம்பள மொத்தம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் அபராத வரி கட்ட வேண்டும். 2024இல் அந்த வரம்பு 23.7 கோடி டாலர், 2025இல் 24.1 கோடி. வரம்பை ஏற்கெனவே தாண்டிய அணி கூடுதலாகச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் வரியும் சேர்வதால், மலிவான சம்பளம் கொண்ட பிட்சரை அதுவும் விரும்புகிறது. 2024 டிசம்பர் 10 அன்று மேக்ஸ் ஃப்ரீட் என்ற இடக்கை பிட்சர் 8 ஆண்டுகள், 21.8 கோடி டாலருக்கு யாங்கீஸுடன் உடன்பட்டார். மறுநாளே பாஸ்டன் குரோஷேயைப் பெற்றது. 2025இல் குரோஷே பெற்ற சம்பளம் 38 லட்சம் டாலர். இந்த இரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நான்கு நல்ல இளம் வீரர்களை ஓர் அணி ஏன் கொடுக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

ஐந்தாம் படி: பிட்சரின் எண்களை வாங்குபவரின் கண்ணால் படியுங்கள்

2022இல் சீஸ், ஒன்பது இன்னிங்ஸுக்குத் தாம் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 2.20 (இது குறைவாக இருப்பதே நல்லது) என்ற நிலையோடு அமெரிக்கன் லீகின் சை யங் வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பெற்றார். 2023இல் அது 4.58 ஆனது. அப்படியிருக்க அவருக்கு ஏன் இவ்வளவு விலை கேட்கிறார்கள் என்று பலர் வியந்தார்கள். வாங்கும் அணிகள் பார்ப்பது அந்த ஒற்றை எண்ணை அல்ல. 2023இலும் அவர் 214 பேட்டர்களை ஸ்ட்ரைக் அவுட் செய்தார் (மூன்று ஸ்ட்ரைக்குகளில் ஆட்டமிழக்கச் செய்வது), 33 ஆட்டங்களைத் தொடங்கினார், அதற்கு முந்தைய இரு ஆண்டுகளிலும் தலா 32 ஆட்டங்களைத் தொடங்கியிருந்தார். பின்னால் நிற்கும் ஃபீல்டர்களின் தரத்தால் ஓட்டங்கள் கூடலாம், குறையலாம். ஸ்ட்ரைக் அவுட் எடுக்கும் திறனும் முறை தவறாமல் களமிறங்கும் உடலும்தான் அடுத்த ஆண்டுக்கும் தொடரும் என்று அவர்கள் கணக்கிடுகிறார்கள். 2024 ஜூலை 25 அன்று வாஷிங்டனில் சீஸ் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காத நோ-ஹிட்டர் ஆட்டம் வீசியபோது அந்தக் கணக்கு சரியென்று தெரிந்தது.

குரோஷேயின் நிலை வேறு. 2022இல் முழங்கைத் தசைநார் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் அவர். 2024தான் அவர் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சராக ஆடிய முதல் சீசன். 146 இன்னிங்ஸில் 209 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். திறமையில் ஐயமே இல்லை, தாங்குவாரா என்பதில்தான் ஐயம். பிட்சர் வதந்திகளில் விலை பற்றிய முரண்பட்ட செய்திகள் வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்: விற்பவர் திறமைக்கு விலை சொல்கிறார், வாங்குபவர் ஆபத்தைக் கழித்துவிட்டு விலை கேட்கிறார்.

ஆறாம் படி: செய்தியின் சொற்களை எடைபோடுங்கள்

இனிதான் வதந்திக்கே வருகிறோம். ஓர் அணி ‘விசாரித்தது’ என்றால் ஒரு தொலைபேசி அழைப்பு நடந்தது என்று மட்டும் கொள்ளுங்கள். ‘கேட்கத் தயாராக இருக்கிறது’ என்பது விற்கும் தரப்பிலிருந்து வரும் அழைப்பிதழ், விலை உயர்வாக இருந்தால் மட்டுமே பேசுவோம் என்று அதற்குப் பொருள். ‘தீவிரமாகப் பேசுகிறார்கள்’ என்பதோடு குறிப்பிட்ட இளம் வீரர்களின் பெயர்களும் வந்தால் கவனம் செலுத்தலாம். ‘உடன்பாடு ஏற்பட்டுவிட்டது, மருத்துவ ஆய்வு மட்டும் பாக்கி’ என்றால் கிட்டத்தட்ட முடிந்தது.

அடுத்து, யார் சொன்னார்கள் என்பது. ஜெஃப் பாசன், கென் ரோசந்தால் போன்ற நாடு தழுவிய செய்தியாளர்களுக்கு எல்லா அணிகளின் நிர்வாகிகளோடும் ஏஜென்ட்களோடும் தொடர்பு உண்டு. அணியோடு நாள்தோறும் பயணிக்கும் உள்ளூர்ச் செய்தியாளர்கள் அந்த ஓர் அணியின் மனநிலையை அவர்களைவிட நுட்பமாக அறிவார்கள். இவ்விரு வகையினரும் தனித்தனியே ஒரே செய்தியைச் சொல்லும்போது அதன் எடை கூடுகிறது. ஒருவர் சொன்னதையே பத்துப் பேர் திருப்பிச் சொன்னால் அது இன்னமும் ஒரே செய்திதான்.

செய்தி யாருக்குப் பயன் தருகிறது என்றும் பாருங்கள். விற்பவருக்குப் போட்டி இருப்பதாகக் காட்ட வேண்டும். வாங்க நினைப்பவருக்கோ எதிரணி அதிக விலை கொடுக்க வேண்டும் என்ற விருப்பம் இருக்கும். 2007-08 குளிர்காலத்தில் மினசோட்டா ட்வின்ஸின் பிட்சர் யோஹான் சான்டானாவுக்காக யாங்கீஸும் ரெட் சாக்ஸும் போட்டியிடுவதாக மாதக்கணக்கில் செய்தி வந்தது. ஃபில் ஹியூஸ், ஜான் லெஸ்டர், ஜேக்கபி எல்ஸ்பரி என்று பெரிய பெயர்கள் பேசப்பட்டன. முடிவில் அவரை நியூயார்க் மெட்ஸ் அழைத்துச் சென்றது, கார்லோஸ் கோமஸ் உள்ளிட்ட நால்வரைக் கொடுத்து. பேசப்பட்ட அந்த மூவரில் ஒருவர்கூட அந்த டிரேடில் மினசோட்டாவுக்கு வரவில்லை.

திறமையான செய்தியாளர்களும் தவறுவதுண்டு. 2023 டிசம்பர் 8 அன்று ஃப்ரீ ஏஜென்டாக இருந்த ஷோஹெய் ஓட்டானி டொரன்டோவுக்கு விமானத்தில் போய்க்கொண்டிருக்கிறார் என்று ஜான் மொரோசி செய்தி வெளியிட்டார். அந்த விமானத்தில் ஓட்டானி இல்லை. மொரோசி அன்றே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அவரை ஏளனம் செய்வதைவிட, விமானத் தடங்களையும் விடுதி முன்பதிவுகளையும் சான்றாக எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை நாம் கைவிடுவதே நல்லது.

ஏழாம் படி: வீரருக்கு மறுக்கும் உரிமை இருக்கிறதா?

ஐபிஎல்லில் ஒரு வீரரை வேறு அணிக்கு மாற்ற அவருடைய சம்மதம் தேவை. மேஜர் லீக்கில் பொதுவாக அப்படி இல்லை. காலையில் சிகாகோ வீரராக எழுந்தவர் இரவில் சான் டியேகோ வீரராக உறங்கப் போகலாம். முக்கியமான விதிவிலக்குகள் இரண்டு. ஒப்பந்தத்திலேயே மறுப்புரிமை எழுதப்பட்டிருக்கலாம். அல்லது மேஜர் லீக்கில் பத்து ஆண்டுகளும், அவற்றில் கடைசி ஐந்தை ஒரே அணியிலும் கழித்தவருக்கு அந்த உரிமை தானாகவே கிடைக்கும். 2023 டிசம்பர் 30 அன்று பாஸ்டன் கிறிஸ் சேலை அட்லான்டா பிரேவ்ஸுக்கு அனுப்பியபோது, அவர் தம் மறுப்புரிமையை விட்டுக்கொடுத்த பிறகே அது நடந்தது. பாஸ்டன் 1.7 கோடி டாலரையும் சேர்த்துக் கொடுத்து வான் கிரிஸம் என்ற இளம் வீரரைப் பெற்றது. காயங்களால் முடிந்துவிட்டார் என்று பலரும் நினைத்த சேல், அடுத்த சீசனில் 18 வெற்றிகளோடு நேஷனல் லீகின் சை யங் விருதை வென்றார்.

எழுதப்பட்ட உரிமை இல்லாதவரும் தம் விருப்பத்தைத் தெரிவிக்க வழி உண்டு. 2024 ஜூலையில், தம்மை வாங்கும் அணி சீசனுக்குப் பின் அக்டோபரில் நடக்கும் பட்டத்துக்கான ஆட்டங்களிலும் தம்மைப் பயன்படுத்த வேண்டுமானால் நீண்டகால ஒப்பந்தம் வேண்டும் என்று குரோஷே தரப்பு விரும்புவதாகச் செய்தி வந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் முதன்முறையாக நீண்ட சீசன் ஆடும் ஒருவர் தம் கையைக் காத்துக்கொள்ள நினைத்ததில் தவறில்லை. அந்த ஆண்டு டிரேடுகளுக்கான ஜூலை 30 கெடு முடிந்தபோது அவர் சிகாகோவிலேயே இருந்தார்.

எட்டாம் படி: மருத்துவ ஆய்வு முடியும்வரை காத்திருங்கள்

டிரேட் உறுதியாகும் முன் இரு அணிகளும் வீரர்களின் மருத்துவப் பதிவுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. பிட்சர்களின் தோளும் முழங்கையும் படங்களில் என்ன காட்டும் என்பது வெளியாருக்குத் தெரியாது. 2020 பிப்ரவரி தொடக்கத்தில் பாஸ்டனின் மூக்கி பெட்ஸ் டாட்ஜர்ஸுக்குப் போகும் மூன்று அணி உடன்பாடு முடிந்துவிட்டதாகவே அறிவிக்கப்பட்டது. அதில் மினசோட்டாவிலிருந்து பாஸ்டனுக்குப் போகவிருந்த இளம் பிட்சர் புருஸ்தார் கிராட்டரோலின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்த பாஸ்டன் தயங்கியது. சில நாட்கள் இழுபறிக்குப் பின் உடன்பாடு இரண்டாகப் பிரிக்கப்பட்டு, கிராட்டரோல் டாட்ஜர்ஸுக்கும் டாட்ஜர்ஸின் பிட்சர் கென்டா மாயெடா மினசோட்டாவுக்கும் போனார்கள். அணிகளே அறிக்கை வெளியிடும்வரை எதையும் முடிந்ததாகக் குறித்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்பதாம் படி: தேதியிட்ட குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள்

ஒரு குளிர்காலத்தில் ஒரே ஒரு பிட்சரைத் தேர்ந்தெடுங்கள். முதல் பக்கத்தில் அவருடைய மீதமுள்ள ஆண்டுகள், சம்பளம், மறுப்புரிமை, காய வரலாறு ஆகியவற்றை எழுதுங்கள். பிறகு வரும் ஒவ்வொரு செய்தியையும் தேதி, சொன்னவர், பயன்படுத்திய சொல், பயனடையும் தரப்பு என்று பதியுங்கள். அவரைப் பாதிக்கக்கூடிய மற்ற நிகழ்வுகளையும் அதே வரிசையில் இடையிடையே எழுதுங்கள்: ஒரு பெரிய ஃப்ரீ ஏஜென்ட் எங்கே சேர்ந்தார், எந்த அணியின் பிட்சருக்குக் காயம், எந்த அணி தன் இளம் வீரர்களை வேறு டிரேடில் செலவழித்துவிட்டது என்பவற்றை.

டிரேட் நடந்த நாளோடு குறிப்பேட்டை மூடிவிட வேண்டாம். குரோஷேக்கு ஈடாக மான்ட்கோமரியோடு கேட்சர் கைல் டீல், சேஸ் மைட்ரோத், விக்கல்மன் கொன்சாலஸ் ஆகியோர் சிகாகோ போனார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்பதை ஆண்டுதோறும் சேர்த்துக்கொண்டே போகலாம். பாஸ்டன் பக்கக் கணக்கில் முதல் பதிவு சீக்கிரமே வந்துவிட்டது. 2025 சீசன் தொடங்கிய சில நாட்களில் குரோஷே 6 ஆண்டுகள், 17 கோடி டாலருக்கு ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டார். அவர் பெயரில் அடுத்து வரவிருந்த குளிர்கால வதந்திகள் அந்தக் கையெழுத்தோடு நின்றுபோயின.